சூடு பார்க்கிற அக்கா

அந்த அக்காவோடு எங்காவது போவதென்றால் இருபது நிமிடம் முந்தியே வெளிக்கிட வேண்டும். லிஃப்ட் வந்து கதவு திறந்திருக்கும். நான் ஒரு காலை உள்ளே வைத்திருப்பேன். அப்போதுதான் அவர் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நில்லும் பிள்ளை, ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்பார். வீட்டுக்குள் போய் அடுப்பின் நான்கு தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். கேத்திலின் பிளக் சுவரில் இருந்து கழன்று கிடக்கிறதா என்று பார்ப்பார். அயன் பண்ணாத நாளிலும் அயன்பொக்ஸை எடுத்துக் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்ப்பார். திரும்பி வரும்போது லிஃப்ட் போயிருக்கும். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் மூன்று லிஃப்ட் இருந்தது, ஒன்றுதான் ஓடும். அது மறுபடி பதினோராம் மாடிக்கு ஏறி வருவதற்குள் பஸ்ஸும் போயிருக்கும். பஸ் தரிப்பிடத்தில் குளிருக்குள் நிற்கும்போது, "அடுத்தது வரும்தானே" என்பார். அதற்குமேல் ஒரு சமாதானமும் சொல்லமாட்டார்.

எனக்கு அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். எல்லாவற்றுக்கும் எரிச்சல் வந்த காலம் அது. நான் ஒரு ஹோட்டலின் லோன்றியில் வேலை. விடிய ஐந்தரைக்கு எழும்பி, நாள் முழுக்க மற்றவர்களின் படுக்கை விரிப்பை மடித்துவிட்டு வந்து, என் கட்டிலை விரிக்கச் சீவன் இல்லாமல் விழுவேன். இவர், என் கணவர், ட்ரக் ஓட்டுகிறவர். ஐந்து நாள் றோட்டில் நின்றால் இரண்டு நாள் வீட்டில் நித்திரை கொள்வார். பிள்ளைகள் இல்லை. அக்கா எங்களிலிருந்து மூன்று கதவு தள்ளித் தனியாக இருந்தார். ஐம்பத்தெட்டு, அறுபது வயதிருக்கும். இரவு வேலை, ஒரு முதியோர் இல்லத்தில். நான் வேலைக்கு இறங்குகிற நேரத்துக்கு அவர் இன்னும் வேலையில் இருப்பார். ஆகையால் ஒரே மாடியில் நான்கு வருடம் இருந்தும் தலையாட்டியதைத் தவிர வேறொன்றும் கதைத்ததில்லை.

ஆமைகள் வந்த பிறகுதான் எல்லாம்.

என் அண்ணா அல்பேர்ட்டா பக்கம் வேலை கிடைத்துப் போகும்போது இரண்டு ஆமைக்குஞ்சுகளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அவனோடு வேலை செய்த ஒருவர் வீட்டில் பொரித்த குஞ்சுகளாம். பெட்டி ஆமை என்று சொன்னான். வளர்ந்தபின் தலையையும் காலையும் உள்ளிழுத்து ஓட்டை ஒரு பெட்டிபோல மூடிக்கொள்ளுமாம். இவை அப்போது ஒவ்வொன்றும் ஒரு பருப்பு வடை அளவுதான். மூடத் தெரியாத வயது. ஒரு கண்ணாடி மீன்தொட்டி, அதற்கு மேல் கண்ணாடி மூடி, மூடிக்கு மேல் ஒரு நீள லைற், விளிம்பில் கவ்வியால் கொழுவிய ஒரு பெரிய பல்ப். "ரெண்டு மாசம், தங்கச்சி. உது பெரிய வேலை இல்லை. புழு போடு, தண்ணி வை, லைற்றை மட்டும் நிப்பாட்டாதை" என்றான். நானும் நிப்பாட்டவில்லை. இரவும் பகலும் அது எரிந்தபடியே இருந்தது.

நவம்பரில் ஒரு பின்னேரம் கட்டடத்தில் நெருப்பு அலாரம் அடித்தது. எங்கள் கட்டடத்தில் அது மாதத்துக்கு ஒருமுறை அடிக்கும், யாராவது பொரியலைக் கருக்கி இருப்பார்கள். ஆனாலும் இறங்கத்தானே வேண்டும். படிக்கட்டில் சனம் அடைத்துக்கொண்டு இறங்கியது. ஏழாம் மாடித் திருப்பத்தில் அக்கா எனக்குப் பக்கத்தில் வந்தார். வணக்கம் சொல்லவில்லை.

"வீட்டில ஏதேனும் எரிய விட்டிட்டு வந்தனீரோ?"

"இல்லை அக்கா. ஒரு லைற் மட்டும். ஆமைக்கு."

"என்ன லைற்? சூடு வாற லைற்றோ?"

"ஓம்."

அவர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரில் மோதினார்கள். மேலே ஒருதரம் பார்த்தார். ஏறிப் போகப்போகிறார் என்றே நினைத்தேன். நெருப்புப் பிடித்த கட்டடத்தில் மேலே போகக்கூடாது என்ற நினைவுதான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். கீழே வந்து, தெருவோரம் நாற்பது நிமிடம் நின்றோம். அவர் கண் பதினோராம் மாடியில் என் ஜன்னலை விட்டு அசையவில்லை. இரண்டாம் மாடியில் யாரோ சட்டியை மறந்திருக்கிறார்கள் என்று சொல்லி எங்களை உள்ளே விட்டபோது, தன் வீட்டுக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

அவர் முதலில் ஆமைகளைப் பார்க்கவே இல்லை. வயரைப் பார்த்தார். எக்ஸ்ரென்ஷன் வயர் கம்பளத்துக்கு அடியால் ஓடிச் சோபாவின் பின்னால் போயிருந்தது. கம்பளத்தை உயர்த்தி உள்ளங்கையை வைத்தார். பிறகு பல்ப் பூட்டிய சொக்கற்றைக் காட்டினார். பிளாஸ்ரிக் விளிம்பு பழுப்பு நிறமாகி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. நான் மூன்று வாரமாகத் தினமும் அதற்குக் கீழே கைவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்திருக்கிறேன். கண்டதில்லை.

பிளக்கை இழுத்தார்.

"இண்டைக்கு உதைக் கொழுவக்குடாது."

"குளிரில செத்துப்போகாதோ அக்கா?"

"அறை இருவத்திரண்டில கிடக்கு. ஒரு இரவு குளிர்ந்தாத் தாங்கும். வெந்தாத் தாங்காது."

அதற்குப் பிறகுதான் குனிந்து பார்த்தார். இரண்டும் தொட்டியின் மூலையில், பல்பிலிருந்து எவ்வளவு தூரம் போகமுடியுமோ அவ்வளவு தூரம் போய், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிடந்தன. "எவ்வளவு நாளா இப்பிடிப் படுக்குதுகள்?" என்று கேட்டார். முதல் நாளிலிருந்தே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்கு ஆமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவரே சொன்னார். சூட்டைப் பற்றித்தான் தெரியும். மிச்சத்தை லைப்ரரியில் இருந்து இரண்டு புத்தகம் எடுத்து, வேலையில் கிழவர்கள் நித்திரையான நேரத்தில் வாசித்தார். வாசித்துவிட்டு வந்து என்னிடம் நம்பர் சொன்னார். ஒரு பக்கம் இருபத்தொன்பது, முப்பது. மற்றப் பக்கம் இருபத்திரண்டு, இருபத்திமூன்று. எது வேண்டுமோ அதைத் தேடி அவையே நடந்து போக வேண்டும். இரவில் இருபது வரை இறங்கலாம். இரண்டு தெர்மோமீற்றர் வாங்கச் சொன்னார். நான் அவற்றைத் தொட்டியின் மேல் விளிம்பில் ஒட்டினேன். அவர் கழற்றிக் கீழே, மண்ணுக்கு இரண்டு விரல் மேலே ஒட்டினார்.

"ஆமை நிக்கிற உயரத்தில பாரும். நீர் நிக்கிற உயரத்தில இல்லை."

என் கையை அவர் நம்பியதேயில்லை. வெளியில் பனியில் நின்றுவிட்டு வந்து தொட்டியில் கைவைத்து, "நல்ல இளஞ்சூடா இருக்கு அக்கா" என்பேன். "உம்மட கை ஐஸ் மாதிரிக் கிடக்கு. உமக்கு ஃபிரிஜ்ஜும் இளஞ்சூடாத்தான் இருக்கும்" என்பார். தன் கையையும் அவர் நம்பவில்லை. தொட்டுப் பார்ப்பார், பிறகு தெர்மோமீற்றரைப் பார்ப்பார், இரண்டும் ஒத்துவந்தால்தான் நிமிர்வார்.

அந்த டிசம்பரில் எங்கள் வீட்டு ஹோலில் அவர் செய்வித்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் களைக்கிறது. மீன்தொட்டி போய், அகலமான பலகைப் பெட்டி வந்தது. அடியில் ஒரு சாண் தும்புத்தூள், ஈரமாக, அதற்கு மேல் காய்ந்த இலை. குஞ்சுகள் சுலபமாக வறண்டுபோகும், புதைந்து கிடக்க இடம் வேண்டும். வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் பல்ப் ஒன்று, அதைப் பூட்டப் பீங்கான் சொக்கற். "கவ்வியை நம்பக்குடாது. ஒருநாள் வழுக்கும். வழுக்கி விழுறது காய்ஞ்ச இலையில" என்று, மரச்சட்டம் ஒன்று அடித்து அதிலிருந்து சங்கிலியில் தொங்கவிடச் சொன்னார். ஒரு சங்கிலி அறுந்தால் மற்றது பிடிக்க இரண்டு சங்கிலி. கீழே கம்பிவலை. சூடு கூடினால் தானே நிறுத்துகிற தெர்மோஸ்ராற், அதன் நுனியை ஆமை இழுத்துப் போகாமல் சட்டத்தோடு கட்டியது. தண்ணீர் தெளிக்கும்போது வயர் வழியே வழிந்து பிளக்குக்குள் போகாதபடி, வயரைப் பிளக்குக்குக் கீழே தாழ்த்தி ஒரு வளைவு. எக்ஸ்ரென்ஷன் வயரைச் சுருட்டிக் குப்பைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். எனக்கு எடுத்துவைக்கச் சந்தர்ப்பம் தரவில்லை. சட்டம் அடித்தது இவர்தான். ஐந்து நாள் ஓடிவிட்டு வந்த களைப்பில் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு, "என்ன, ஆமைக்குக் கோயில் கட்டுறியளோ ரெண்டு பேரும்?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. "மற்ற ஆணியையும் அடியும் தம்பி" என்றார்.

இரவில் லைற் நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ரைமர் பூட்டிப் பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சம், பன்னிரண்டு இருட்டு. "ராப்பகலா வெளிச்சத்தில வைச்சிருந்தா எந்தச் சீவனுக்கும் மூளை கலங்கும். நித்திரை கொள்ள விடும் அதுகளை." இதைச் சொன்னவர் இருபது வருடமாக இரவில் வேலை செய்து, பகலில் கண்ணுக்குத் துண்டு கட்டிப் படுக்கிற மனுசி. கண்ணின் கீழே இரண்டு பக்கமும் கறுத்துத் தடித்திருக்கும்.

நீள லைற்றைப் பற்றி அவர் கண்டுபிடித்ததுதான் பெரியது. அது சூட்டுக்கு இல்லை, வெயிலுக்குப் பதில். அந்த ஒளி ஓட்டில் பட்டால்தான் குஞ்சின் எலும்பும் ஓடும் இறுகும். கண்ணாடிக்கு மேலே வைத்தால் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் கீழே வெளிச்சம்தான் போகும், சத்துப் போகாது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றார்.

"சின்னதைத் தூக்கும்."

தூக்கினேன். ஓட்டின் ஓரத்தைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினார். அது அமுங்கியது. ஊறிய பிளாஸ்ரிக்போல உள்ளே போய்த் திரும்பி வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமைக்காக என்று சொல்லமாட்டேன். எனக்கென்று தந்த எதையும் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவள் என்று ஒரு நினைப்பு எனக்குள் கனகாலமாக இருந்தது. அது எழும்பி வந்தது. அக்கா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. குளிர்ச் சட்டைக்குள் ஒரு சின்னப் பெட்டியில் ஆமையை வைத்துக்கொண்டு, "வெளிக்கிடும்" என்றார். இரண்டு பஸ் மாறி மிருக வைத்தியரிடம் போனோம். அன்றைக்கு அவர் அடுப்புப் பார்க்கத் திரும்பிப் போகவில்லை என்பதை வழியில்தான் கவனித்தேன். சொன்னால் திரும்பிவிடுவார் என்று பயந்து சொல்லவில்லை. வைத்தியர் கல்சியத் தூள் தந்தார். லைற்றைக் கண்ணாடி இல்லாமல் நேரே படும்படி, சொன்ன உயரத்தில் வைக்கச் சொன்னார். எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்றார். பிழைக்குமா என்று நான் கேட்டதற்கு, மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

அந்த மூன்று மாதமும் அக்கா என் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்திருந்தார். காலை எட்டரைக்கு வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி, என் வீட்டில் சூடு பார்த்து, இலையைக் கிளறிக் குஞ்சுகளை எண்ணி, பிறகுதான் தன் வீட்டில் போய்ப் படுப்பார். பின்னேரம் வேலைக்குப் போகுமுன் மறுபடி ஒருதரம்.

சனங்களுக்கு அவரைப் பிடிக்காது என்பதை அந்தக் காலத்தில்தான் அறிந்தேன். ஐந்தாம் மாடியில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கை ஏற்றி, அதற்குப் பின்னால் மெல்லிய திரைச்சீலை தொங்கவிட்டு அலங்காரம் செய்திருந்தார்கள். அக்கா சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் அந்தத் திரையையே பார்த்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், எரிகிற விளக்கைத் தூக்கி மூன்றடி தள்ளி வைத்தார். வீட்டுக்காரி வந்தார். "அக்கா, நாங்கள் பாத்துத்தானே வைச்சனாங்கள்?" முகம் சிரித்தது, குரல் சிரிக்கவில்லை. "ஓம். நீங்கள் பாத்தனீங்கள். காத்துப் பாக்காது" என்றார் அக்கா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை.

பெப்ரவரியில் நானே அவரோடு சண்டை பிடித்தேன். லீவு நாள். நாலு மாதத்தில் முதல்தடவையாக எட்டு மணிக்குப் பிறகும் படுத்திருந்தேன். ஹோலில் சரசரப்புக் கேட்டு எழும்பி வந்தால், அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் முழங்காலில் நின்று, ரோர்ச் அடித்துச் சங்கிலியின் கொழுக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நேற்றும் பாத்தனீங்கள். நேற்றுப் பின்னேரமும் பாத்தனீங்கள். உது ஆமை. பிள்ளை இல்லை. என்னைக் கொஞ்சம் படுக்க விடுங்கோ."

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்தேன். ஆனால் சொல்லிவிட்டேன். அவர் ரோர்ச்சை நிறுத்தினார். எழும்ப முயன்று முடியாமல், அப்படியே சோபாவில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தேன். அவர் ஊரில் தாதியாக இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். வன்னியில் ஒரு ஆஸ்பத்திரியில், சண்டைக் காலத்தில். அதுதான் என்று மனதுக்குள் ஒரு கதையே கட்டிவைத்திருந்தேன்.

"அக்கா, அங்க ஏதும் நடந்ததோ? ஏதாவது பிள்ளைக்கு?"

"ஒண்டும் நடக்கேல்லை" என்றார். "எல்லாரும் உதைத்தான் கேக்கினம். என்ர தங்கச்சியும் கேட்டவள். கரண்ட் வரும், போகும். ஜெனரேற்றர் இருந்தா எண்ணெய் இராது. மாசம் முந்திப் பிறந்த பிள்ளையளைப் பலகைப் பெட்டியில வைச்சு மேல பல்ப் எரிய விடுவம். பல்ப் கிட்ட வந்தாச் சுடும், எட்டப் போனா விறைக்கும். காமணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாக்க வேணும். நான் பாத்தன். என்ர வாட்டில வேற காரணத்தில போன பிள்ளையள் இருக்கு. சூட்டால ஒண்டும் போகேல்லை. குளிராலயும் ஒண்டும் போகேல்லை."

"பிறகேன் அக்கா இப்பிடி?"

தேத்தண்ணீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏதாவது நடந்திருந்தா அழுதிட்டு முடிச்சிருப்பன், பிள்ளை. நடக்காததை எங்க கொண்டுபோய் முடிக்கிறது? பாத்ததாலதான் நடக்கேல்லையோ, பாக்காட்டியும் நடந்திராதோ, ஆருக்குத் தெரியும்? நிப்பாட்டத் தெரியேல்லை எனக்கு. களைச்சுப்போனன். ஆனா நிப்பாட்டத் தெரியேல்லை."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தேத்தண்ணீரை முடித்துவிட்டு, மற்றச் சங்கிலியின் கொழுக்கியையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

சின்ன ஆமை பிழைத்தது. மூன்று மாதம் சொன்னது ஐந்து மாதம் எடுத்தது. ஓரம் சற்று வளைந்தபடியே இறுகிவிட்டது. இன்றைக்கு இரண்டும் உள்ளங்கையை விடப் பெரிது, வாசல்மணி அடித்தால் தலையை இழுத்து ஓட்டுக்குள் மூடிக்கொள்ளும். இரண்டு மாதம் என்ற அண்ணா ஒருதரம் வந்தான். பலகைப் பெட்டியையும் சட்டத்தையும் சங்கிலியையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்கயே இருக்கட்டும் தங்கச்சி" என்று போய்விட்டான். அக்கா பென்ஷன் எடுத்துப் பிக்கரிங்கில் தங்கை வீட்டோடு போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அங்கே நிலக்கீழ் அறை, தங்கையின் அடுப்பு, தங்கையின் மெழுகுதிரி. பாவம் தங்கை என்று நினைத்துக்கொள்வேன். போன் எடுத்தால் முதலில், "சூட்டுப் பக்கம் எத்தினை? மற்றப் பக்கம்?" சொன்ன பிறகுதான், "நீர் எப்பிடி?"

அவரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நினைவு வருவது, அவர் போவதற்கு முந்திய குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை.

முதல் நாள் இரவு முழுக்க உறைமழை. விடிய எழும்பியபோது கரண்ட் இல்லை. எங்கள் கட்டடம் மட்டுமல்ல, அந்தத் தெரு முழுக்க. ஹீற்றிங் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் கண்ணாடி பூசியதுபோல நின்றது. இவர் எங்கோ மனிற்றோபாவில். எட்டரைக்குக் கதவு தட்டுகிறது. அக்கா, இரவு வேலை முடித்து, பதினொரு மாடியும் படியால் ஏறி வந்திருக்கிறார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எத்தினை?"

"அறை பதினெட்டு. சூட்டுப் பக்கம் பத்தொன்பது."

"சின்னப் பெட்டி ஒண்டு தாரும். மூடியில ஓட்டை போட்டது. ஈரத்தும்பு கொஞ்சம், இலை கொஞ்சம்."

ஆமைகள் இரண்டையும் அதற்குள் மாற்றினோம். எங்கள் அடுப்பு கரண்ட் அடுப்பு, தண்ணீர் கொதிக்க வைக்க வழியில்லை. நான் மெழுகுதிரி இருக்கிறது என்றேன். அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பெரிய தெருவுக்கு அந்தப் பக்கம் பிளாசாவில் கரண்ட் இருந்தது. தேத்தண்ணீர்க் கடையில் கொதிதண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இரண்டு சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கோடு மறுபடி இறங்கினார். நான் போகிறேன் என்றேன். "நீர் வழுக்கி விழுவீர்" என்று போய்விட்டார். வந்ததும் றப்பர் பையில் ஊற்றித் துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைத்தார். மற்றப் பக்கம் சும்மா விட்டார், சுட்டால் விலகிப் போக. முழுவதையும் கம்பளியால் போர்த்தி ஒரு மூலையை மூச்சுக்குத் திறந்து வைத்தார்.

பிறகு வெளியே நடைபாதைக்குப் போய் நின்றார். மூக்கை உயர்த்தி மணந்தார். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினார். "உள்ளுக்க ஏதும் எரிக்கிறியளோ?" சிலர் இல்லை என்றார்கள், சிலர் பதில் சொல்லாமல் மூடினார்கள். நான் வெட்கத்தோடு பின்னால் நின்றேன். லிஃப்டுக்கு அந்தப் பக்கம் கடைசிக்கு முந்திய கதவைத் திறந்த மனிதர், "ஓம், காம்பிங் ஹீற்றர் ஒண்டு வைச்சிருக்கிறம். பிள்ளைக்குக் குளிருது. உங்களுக்கென்ன?" என்றார். புதிதாக வந்த குடும்பம். அக்கா அவரை விலத்திக்கொண்டு உள்ளே போனார். ஜன்னல், பல்கனிக் கதவு எல்லாம் இறுக்கமாக மூடி, இடுக்கில் துணி வேறு அடைத்திருந்தார்கள். ஹோலின் நடுவில் காஸ் ஹீற்றர் சிவப்பாக எரிந்தது. அந்த மனிதரின் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் கிடந்தார். பக்கத்தில் நாலு வயதுப் பெண் குழந்தை நித்திரை. பகல் பதினொரு மணிக்கு.

"எப்ப இருந்து தலையிடி?"

"காலமையில இருந்து" என்றார் அந்தப் பெண். "வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரியும் கிடக்கு."

அக்கா ஹீற்றரின் திருகை மூடினார். பல்கனிக் கதவை முழுக்கத் திறந்தார். பனிக்காற்று அடித்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் கத்தினார். அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டு, "இஞ்ச எரியிறதின்ர புகை கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ஆளை நித்திரையிலயே கொல்லும். எழும்புங்கோ எல்லாரும், வெளியில வாங்கோ" என்று நடைபாதைக்குக் கொண்டுவந்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். இரண்டு தரம், மூன்று தரம். மூன்றாவது தரம் அது சிணுங்கிக் கண்ணைத் திறந்தது. போனில் அம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தான், விலாசத்தைச் சொல்ல மூன்று தரம் தடுமாறினேன். அவர்கள் படியேறி வந்து மூன்று பேரையும் ஒக்சிஜன் வைத்துக் கூட்டிப் போனார்கள். போகும்போது அந்த மனிதர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி என் வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு மணி. அக்கா பெட்டிக்குள் தெர்மோமீற்றரை விட்டார். இருபத்தாறு. மற்றப் பக்கம் இருபது. ஒரு காகிதம் எடுத்து அரை மணித்தியாலத்துக்கு ஒரு கோடு கீறி, முதல் வரியை எழுதினார். எழுத்து வரியை விட்டுக் கோணி இறங்கியது.

"அக்கா, படுங்கோ. நான் பாக்கிறன்."

"நீர் நித்திரையாப் போவீர்."

"போகமாட்டன். தாங்கோ காகிதத்தை."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையில் இருந்து பேனையை எடுத்தேன். கொஞ்சம் இழுபட்டது, பிறகு விட்டார். போட்டிருந்த குளிர்க் கோட்டோடேயே சோபாவில் சரிந்தார். நான் போர்வை எடுத்து வருவதற்குள் வாய் திறந்து நித்திரை. யாரும் அவர் நித்திரை கொள்வதைப் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நெற்றிச் சுருக்கம் நித்திரையிலும் போகவில்லை. நான் பன்னிரண்டரைக்கு எழுதினேன். ஒரு மணிக்கு எழுதினேன், ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த தண்ணீரை மாற்றி ஊற்றினேன். ஒன்றரைக்கும் எழுதினேன்.

ஐந்து மணிக்கு ஃபிரிஜ் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஹோல் லைற் எரிந்தது. அக்கா துடித்து எழும்பி, "எத்தினை?" என்றார். இருபத்தொன்று என்றேன். காகிதத்துக்குக் கை நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகக் கீழே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ரெண்டு மணி இல்லை. ரெண்டரையும் இல்லை."

நான் தலையைக் குனிந்தேன். "கண் அசந்திட்டுது அக்கா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழும்பிப் போய்க் கம்பளியை விலக்கிப் பெட்டிக்குள் பார்த்தார். பெரியது இலைக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. சின்னது தும்புக்குள் பாதி புதைந்து, கண் மூடி, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப ஒரு மணித்தியாலமா ரெண்டு பேரும் நித்திரை" என்றார். "ஒருத்தரும் பாக்கேல்லை."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத் தெரிந்து முதல்தடவை. சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். பிறகு என் குசினி மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"பசிக்குது பிள்ளை" என்றார். "என்ன வைச்சிருக்கிறீர்?"

நேற்றைய சோறும் பருப்பும் இருந்தது. நான் அடுப்பைப் போட்டேன். அவர் முதுகை அடுப்புக்குக் காட்டிக்கொண்டு, நான் சூடாக்கித் தரும் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்.